நிற்காத வள்ளம்

கணினியின் கறுப்பு டெர்மினல் திரையில் வள்ளம் கட்ட மரம் வேண்டாம். நாலு கோடும் இரண்டு அடைப்புக்குறியும் போதும். பருத்தித்துறை வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் நிவேதனா, கடலுக்குப் போகும் கணவன் ஜெயசுதனுக்காக ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். அவன் வள்ளத்தில் பூட்டிய கருவி இருக்கும் இடத்தை அனுப்ப, திரையில் நீல அலைகளின் மேல் ஒரு பச்சை வள்ளம் ஆடி ஆடிக் கரைக்கு வரும். சிக்னல் நின்றால் வள்ளம் சிவந்து, அசையாமல் நிற்கும்.

அந்தச் சிவப்புத்தான் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

“கடலுக்குப் போன பிள்ளையின்ரை வள்ளத்தை உப்பிடிச் சிவப்பிலை நிப்பாட்டலாமோ? அபசகுனம். எடுத்துவிடு, பிள்ளை.”

பத்மாசினி மாமியோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்? நிவேதனா அந்த வரிகளை எடுத்துவிட்டாள். அதன்பின் சிக்னல் வந்தாலும் வராவிட்டாலும் வள்ளம் பச்சையாக ஆடிக்கொண்டே இருந்தது. மாமி காலையில் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றப் போவார். நாளடைவில் எழுதியவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள்.

ஒருநாள் வெயில் ஏறியும் ஜெயசுதன் வரவில்லை.

“உங்கை பார், வந்துகொண்டிருக்கிறான்,” என்று மாமி திரையைக் காட்டினார்.

நிவேதனா திரையின் அடியிலிருந்த நேரத்தைப் பார்த்தாள். கடைசிச் சிக்னல் விடியுமுன் வந்தது. தன் கையால் செய்த பொய்யைப் பார்த்துத் தானே ஆறுதல்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! உடனே, அன்று வேறு வள்ளத்தில் கடலுக்குப் போய்க் கரைக்கு வந்துவிட்ட கஜீபனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, இவரை இன்னும் காணேல்லை. கடைசியா நிண்ட இடம் சொல்லுறன், கெதியாப் போய்ப் பாருங்கோ.”

மத்தியானம் கஜீபன் ஜெயசுதனின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தான். அலை ஏறி எஞ்சினும் கருவியும் ஒன்றாகச் செத்துப்போயிருந்தன. உப்புப் பூத்த முகத்தோடு வந்த ஜெயசுதன் முதலில் கேட்டது சோறு.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் நிவேதனா மடிக்கணினியைத் திறந்தாள். திறந்துவிட்டு, தயங்கியபடி மாமியைப் பார்த்தாள்.

“என்னை ஏன் பாக்கிறாய்? அந்தச் சிவப்பைத் திருப்பிப் போடு,” என்றார் மாமி. “நிண்டால் நிக்குது எண்டு காட்டட்டும். தெரிஞ்சால்தானே தேடிப் போகலாம்.”

புதுக் கருவி பூட்டிப் போன முதல் நாள் காலை, வள்ளம் சற்று நேரம் சிவப்பில் நின்றது. மாமி கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பச்சை வந்து, வள்ளம் ஆடத் தொடங்கிய பிறகுதான் எழுந்து போய்த் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்தார்.