சீல் உடைந்த அப்டேட்

நம்பிக்கைக்கு அன்றைய சந்தை விலை ஒரே ஒரு வரி. முழு வரிகூட இல்லை. பத்து ஆங்கில எழுத்து, நடுவில் ஒரு சமக்குறி. ட்ரஸ்டட் ஈக்வல்ஸ் யெஸ். இவ்வளவு மலிவாக இது வேறெங்கும் கிடைக்காது என்றார் மாப்பிள்ளை. வாங்கிக்கொள்ள மாமாவும் தயாராக இருந்தார். கொடுக்க வேண்டியவள்தான் மசியவில்லை.

அவளைக் குறடு என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பிடித்ததை விடமாட்டாள் என்று பதினோரு வயதில் தாய்மாமா கொடுத்த பட்டம் இது. இப்போது முப்பத்திரண்டு வயதில், அதே மாமாவின் மொத்த மருந்துக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்று மாடி, முப்பத்தெட்டு இயந்திரங்கள். மருந்துப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதிலிருந்து குளிர் அறையின் சூட்டைக் குறித்து வைப்பதுவரை எல்லாம் அவைதான். எல்லாவற்றிலும் லினக்ஸ். லைசென்ஸுக்குக் காசு கிடையாது என்று கேள்விப்பட்ட நாளிலேயே மாமா லினக்ஸை மனதார நேசிக்கத் தொடங்கிவிட்டார்.

சிக்கல் ஒரு கடிதத்தில் வந்தது. லினக்ஸில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டும் வெளிவந்துவிட்டது. கிடங்கில் பாதி சரக்கை வாங்குகிற மருத்துவமனைகள் சேர்ந்து எழுதியிருந்தன: இன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் பக்கத்திலிருந்து பார்ப்போம், அப்டேட் போடாத இயந்திரம் எதுவோ, அதன் இணைப்பை அறுத்துவிடுவோம். இணைப்பு போனால் ஆர்டர் வராது.

காலை பத்தரைக்குக் குறடு அப்டேட்டைத் தொடங்கினாள். பத்து முப்பத்தொன்றுக்கு நின்றுவிட்டது. லினக்ஸ் செய்கிறவர்கள் அப்டேட் பட்டியலில் தங்கள் கையொப்பத்தைப் பதித்து அனுப்புவார்கள். வாங்குகிற இயந்திரம் தன்னிடம் இருக்கும் சாவியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் வாங்கிக்கொள்ளும்; இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடும். இன்று முப்பத்தெட்டும் ஒரே குரலில் சொல்லிவிட்டன: கையொப்பம் சரியில்லை, எடுக்கமாட்டோம்.

முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள், சரி. சாவி காலாவதியா என்று பார்த்தாள், இல்லை. பழைய பட்டியல்களை முழுக்கத் துடைத்துவிட்டுத் திரும்பக் கேட்டாள். அதே பல்லவி. பிழைச் செய்தியின் வாலில், அடைப்புக்குறிக்குள், இயந்திரமே தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டிருந்தது: நெட்வொர்க் ஏதாவது அனுமதி எதிர்பார்க்கிறதா? அதைப் படித்ததும் அவள் கண் தானாக மூலையில் இருந்த கறுப்புப் பெட்டிக்குப் போனது.

கிடங்கிலிருந்து வெளியே போவதும் உள்ளே வருவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான். ப்ராக்ஸி. வெளியிலிருந்து எதைக் கேட்டாலும் பெட்டி போய் வாங்கி வந்து, பிரித்துப் பார்த்து, பிறகுதான் உள்ளே தரும். வாங்கியவர் மாப்பிள்ளை, அதாவது மாமா மகளின் கணவர். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதை யார் பேரம் பேசி வாங்கினாரோ, அதன் சாவி அவரிடமே இருக்கும். ஜெனரேட்டர் சாவி மாமியிடம். லிஃப்ட் சாவி மாமாவிடம். கறுப்புப் பெட்டியின் பாஸ்வேர்டு மாப்பிள்ளையிடம். முப்பத்தெட்டு இயந்திரங்களின் தலைமைச் சாவி, அதாவது அவற்றில் எதையும் மாற்றவல்ல பாஸ்வேர்டு மட்டும், காசே கொடுக்காமல் கொண்டுவந்தவள் என்கிற முறையில், குறடிடம்.

மாப்பிள்ளை அறைக்குப் போனாள்.

"அண்ணா, அந்தப் பெட்டி அப்டேட்ல கை வைக்குதுன்னு நினைக்கிறேன். அஞ்சு நிமிஷம் பாஸ்வேர்டு குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்."

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு நெட் வருது. மாமாவுக்கு வருது. பேங்க் தளம் திறக்குது. உன் லினக்ஸ் அப்டேட்டுக்கு மட்டும் ஆகலைன்னா கோளாறு பெட்டியிலயா, லினக்ஸ்லயா?"

"பேங்க் பூட்டின கவர்ல வருது, பெட்டியால பிரிக்க முடியாது. அப்டேட் திறந்த கவர்ல வருது. கையொப்பம் இருக்கே, போதும்னு அனுப்புறாங்க. திறந்ததைத்தான் உங்க பெட்டி நோண்டுது."

"நான் தேடிப் பார்த்துட்டேன்." அவர் போனைத் திருப்பிக் காட்டினார். "ஒரு வரி சேர்த்தா கையொப்பமே பார்க்காதாம். ட்ரஸ்டட் ஈக்வல்ஸ் யெஸ். நூத்தி நாப்பது பேர் நன்றி சொல்லியிருக்கான்."

"திருடனும் நன்றி சொல்லுவான் அண்ணா."

பேச்சு மாமாவின் அறைக்குப் போனது. மாமா இரண்டு பக்கமும் கேட்டார். கேட்கும்போது மருமகளைப் பார்த்தார், பதில் சொல்லும்போது மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைக் கொடுத்த இடம். பார்வைகூட அளந்துதான் வைக்க வேண்டும்.

"மாப்பிள்ளை சொல்றதுல என்ன தப்பு? இன்னிக்கு ஒரு நாள் அந்த வரியைப் போடு. நாளைக்கு எடுத்துடு."

"மாட்டேன் மாமா."

"ஏன்?"

"நடுவுல எவனோ கை வெச்சிருக்கான்னு மெஷின் சொல்லுது. யாருன்னே தெரியாம, பரவாயில்ல உள்ள விடுன்னு நான் எப்படிச் சொல்றது? குளிர் அறைக் கணக்கும் அந்த மெஷின்லதானே ஓடுது."

"கோடிக்கணக்குல ஆர்டர் போயிடும்மா."

"கீழ சரக்கு வாங்குற அக்கா போன வாரம் சீல் உடைஞ்ச பெட்டி பத்தொன்பதைத் திருப்பி அனுப்புனாங்க. டிரைவர் கத்துனான், உள்ள ஒரு மாத்திரைகூடக் குறையலன்னு. நீங்க மாடியிலேருந்து என்ன சொன்னீங்க?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னது மூன்று மாடிக்கும் கேட்டிருந்தது: எண்ணிப் பார்க்கவே கூடாது, லாரியில திருப்பி ஏத்திவிடு.

"அது மருந்து," என்றார் மாப்பிள்ளை.

"இது மருந்துக்கு லேபிள் அடிக்கிறது."

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. "பேசுனா பேசிட்டே இருப்பா மாமா. தலைமைச் சாவியை என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. நானே அடிச்சுக்கறேன்."

மாமா, விலை படியாத சரக்கைத் தள்ளி வைக்கிற குரலில் சொன்னார். "மூணு மணி வரைக்கும் பாரு. முடியலைன்னா சாவியை மாப்பிள்ளைகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போ. அடுத்த மாசம் பேசிக்கலாம்."

அடுத்த மாதம் பேசிக்கலாம் என்று மாமா சொல்லி, அடுத்த மாதம் பேசியவர்கள் யாரும் கிடையாது. குறடுக்கு அது தெரியும். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நின்றுகொண்டே எழுதினாள்: முப்பத்தெட்டு இயந்திரங்களிலும் கையொப்பச் சோதனையை நிறுத்தச் சொன்னது நான், அதனால் எது வந்தாலும் பொறுப்பு நான். கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"மூணு மணிக்கு இதுல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. அந்த நிமிஷமே சாவி தர்றேன். போடலைன்னா தர மாட்டேன். வேலையை வேணா எடுத்துக்கோங்க, சாவி கிடையாது."

தாளை இருவருக்கும் சரிபாதி தூரத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே சரக்கு வாங்கும் அக்கா லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குறடு வருவதைப் பார்த்ததும் பேனாவைக் காதில் செருகினாள். "மேல சத்தம் கேட்டுச்சே. யாரு ஜெயிச்சா?"

"மூணு மணி வரைக்கும் தவணை."

"தவணை வாங்கிட்டியா? அப்ப பாதி ஜெயிச்சாச்சு. அந்த மனுஷன் பொண்டாட்டிக்கே தவணை குடுத்ததில்ல."

குறடு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டிக்குள் நுழைய வழியில்லை. சரி, பெட்டி எதைக் கொடுக்கிறது என்று பார்க்கலாமே. கையொப்பமிட்ட பட்டியலைப் பெட்டி வழியாக ஒருமுறை இறக்கினாள். பெட்டியைத் தொடாமல், தன் போனின் நெட்டில் இன்னொருமுறை இறக்கினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

போனில் வந்தது நல்ல பருமன். பெட்டி தந்தது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. திறந்து பார்த்தாள். பட்டியலும் இல்லை, கையொப்பமும் இல்லை. இருந்தது ஒரு நோட்டீஸ். அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பாதுகாப்புச் சந்தா முடிந்து பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. புதுப்பிக்க உங்கள் விற்பனையாளரை அணுகவும்.

திறந்த கவரில் எது வந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு இந்த நோட்டீஸை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது பெட்டி. மற்றவர்கள் திறப்பதெல்லாம் பூட்டிய கவர். அதனால் பத்தொன்பது நாளாக யார் கண்ணிலும் படவில்லை. லினக்ஸ் மட்டும்தான் நோட்டீஸை வாங்கிப் பார்த்து, இது எங்கள் ஆள் கையொப்பம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "மூணு வருஷ சந்தான்னு அண்ணன் ஊரெல்லாம் சொன்னாரே."

"பில்லு உங்ககிட்ட இருக்கா?"

கிடங்குக்குள் எது வந்தாலும் அக்காவின் கோப்பில் ஒரு நகல் இருக்கும். தேடி எடுத்தாள். மூன்று வருடம் என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்து ஒரு வருடம் என்று எழுதி, பக்கத்தில் மாப்பிள்ளையின் சுருக்கொப்பம். விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து வாங்கினேன் என்று அவர் விருந்தில் மார்தட்டிய அதே பேரம். குறைத்தது விலையை மட்டுமல்ல என்பதை விருந்தில் சொல்ல மறந்திருந்தார்.

இரண்டு மணிக்கு நோட்டீஸின் அச்சுப் பிரதியையும் பில்லையும் மாமாவின் மேசையில் வைத்தாள். வெள்ளைத் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. கோடு காலியாக இருந்தது.

மாமா நோட்டீஸைப் படித்தார். பில்லைப் படித்தார். முப்பத்தைந்து வருட வியாபாரி; அடித்து எழுதிய இடத்தில் கண் தானாக நின்றது. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"வெறும் நோட்டீஸ்தானே," என்றார் மாப்பிள்ளை. "வைரஸா என்ன? அப்ப அந்த வரியைப் போட்டாலும் தப்பில்லைன்னு இவளே நிரூபிச்சுட்டா."

"போட்டிருந்தா முப்பத்தெட்டு மெஷினும் உங்க சந்தா நோட்டீஸைத்தான் விழுங்கப் பார்த்திருக்கும் அண்ணா. ஓட்டை அப்படியே இருந்திருக்கும். அஞ்சு மணிக்கு முப்பத்தெட்டையும் அறுத்திருப்பாங்க. இப்ப பெட்டியில அப்டேட்டுக்கு மட்டும் நேர் வழி திறந்துவிடுங்க. அரை நிமிஷ வேலை."

"டீலர் வந்துதான் தொடணும். நாளைக்கு வரச் சொல்றேன்."

"பாஸ்வேர்டு?"

"நான் வாங்குன பெட்டி," என்றார் மாப்பிள்ளை.

அதற்குமேல் குறடு கேட்கவில்லை. மாமாவிடம் அனுமதியும் கேட்கவில்லை. கேட்டால் அவர் யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும். நேராக சர்வர் அறைக்குப் போனாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் அவள்தான். போனோடு உள்ளே போனாள்.

ஒரு சர்வரில் மட்டும் பெட்டியின் முகவரியை அழித்து, போனின் நெட்டைக் கொடுத்தாள். அது வெளியிலிருந்து அப்டேட்களை வாங்கி வைத்துக்கொள்ளும். மற்றவை உள்ளுக்குள்ளேயே அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். மாமா பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"பெட்டியை நம்ப மாட்டேங்குற. உன் போனை மட்டும் எப்படி நம்புறது?"

"போனையும் நம்ப வேண்டாம் மாமா. என்னையும் நம்ப வேண்டாம். முப்பத்தெட்டும் தனித்தனியா கையொப்பத்தைப் பார்த்துட்டுத்தான் எடுக்கும். கழுதை மேல வந்தா என்ன, கப்பல்ல வந்தா என்ன? சீல் சரியா இருந்தா சரக்கு சரி. நான் பிடிச்சு நிக்கிறது அந்த ஒண்ணுக்காகத்தான்."

திரையில் முதல் இயந்திரம் கையொப்பத்தைச் சரிபார்த்தது. மூச்சுக்கூட விடாமல் அடுத்த வரிக்குப் போனது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போன் சூடாகிறது என்று சொல்லி, தன் மேசை விசிறியை அவரே தூக்கிக்கொண்டு வந்து அதன் முன்னால் வைத்தார். அவர் அகராதியில் சம்மதம் என்பதற்கு இதைவிடப் பெரிய சொல் கிடையாது.

நான்கு மணிக்கு லேபிள் பிரிவு முடிந்தது. நான்கேகாலுக்குக் குளிர் அறை. நாலரைக்கு மாடியில் எல்லாம் முடித்துவிட்டு மாப்பிள்ளை அறைக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள்; உள்ளே முப்பத்தெட்டாவது இயந்திரம் அணைந்து கிடந்தது.

"தலைவலின்னு கிளம்பிட்டாரு," என்றாள் அக்கா. "என் மெஷினை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

பின்னாலேயே வந்த மாமாவின் இடுப்பில் எல்லா அறைகளுக்கும் மாற்றுச் சாவி இருந்தது. கை அங்கே போனது. கொத்தைத் தொட்டது. பூட்டிய கதவை ஒருமுறை பார்த்தார். மகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கை வெறுமனே திரும்பிவிட்டது.

"இருக்கட்டும்," என்றார்.

"அதை அறுத்துடுவாங்க மாமா."

"அறுக்கட்டும்."

அறைக்குத் திரும்பி, மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்தார். யாரும் கையெழுத்துப் போடாத அந்தக் கோட்டைக் கொஞ்சம் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாவியைப் பற்றியோ அடுத்த மாதத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு மருத்துவமனைகள் பார்த்தன. ஐந்து ஐந்துக்குப் பதில் வந்தது. குறடு அதைப் பலகையில் எழுதினாள். எல்லோரும் வீட்டுக்குப் போகிற வழியில், படிக்காமல் போகமுடியாத இடத்தில்:

மொத்த இயந்திரம் முப்பத்தெட்டு. கையொப்பம் சரிபார்த்து ஏற்றது முப்பத்தேழு. சரிபார்க்காமல் ஏற்றது பூஜ்யம். நிலுவை ஒன்று.