ஒரு வாரத்துக் குப்பை

தொல்லியல் வகுப்பில் பேராசிரியை கொடுத்த பயிற்சி இதுதான்: ஆளுக்கொரு பையில் தன் ஒரு வாரத்துக் குப்பையைக் கொண்டுவர வேண்டும். அழுகுவது வேண்டாம். பையில் பெயர் இருக்காது. பழங்காலத்துக் குப்பைமேட்டைப் படிப்பதுபோல இன்னொருவர் அதைப் பிரித்து, சொந்தக்காரர் எப்படி வாழ்கிறார் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

"மனுஷங்க பொய் சொல்வாங்க. குப்பை சொல்லாது," என்றார் பேராசிரியை.

கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அவள் எழுதுவதை நிறுத்தினாள். ஊரைவிட்டு வந்து ஒரு பருவம் முடியப்போகிறது. பல்கலைக்கழகத்தில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. போனில் அம்மா, "சிநேகிதிங்க கெடச்சாங்களா?" என்று கேட்டால், "நெறைய பேரு" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவாள். அம்மாவை ஏமாற்றலாம். குப்பையை என்ன செய்வது? ஒற்றை ஆள் சாப்பாட்டுப் பொட்டலம், மறுபடியும் ஒற்றை ஆள் பொட்டலம், ஒரு பேனா மூடி. வகுப்பு முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த வாரம் மாடி வீட்டில் பிறந்தநாள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய், வாசல் தொட்டியிலிருந்து கேக் பெட்டி, காகிதக் கோப்பைகள், பாதி எரிந்த மெழுகுவத்திகள், வெடித்த பலூன் எல்லாவற்றையும் அள்ளிவந்தாள். தன் பொட்டலங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கெட்டிக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது?

அவள் பை சுருட்டையின் கைக்குப் போனது. முன்வரிசைக்காரி, சுருட்டை முடி, எப்போதும் சிரித்த முகம். கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒரு உதட்டுச்சாயம், இதுல வேற நெறம். இத ஏதோ பொடிசு கடிச்சிருக்கு. வீடு நெறைய ஆளு. தனியா இருக்கவே விடமாட்டாங்க போல. குடுத்து வச்சவங்க."

யாருடையது என்று பேராசிரியை கேட்க, அவள் கையை உயர்த்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு கணம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மணி அடித்ததும் சுருட்டை பக்கத்தில் வந்தாள்.

"ஞாயித்துக்கெழம எங்க வீட்ல சாப்பாடு. கிளாஸ்ல தனியா இருக்கறவங்களக் கூப்பிட்டிருக்கேன். உன்னையும் கூப்பிடணும்னு இருந்தேன், எப்பவும் ஒதுங்கியே உக்காந்திருப்பியேன்னு. உனக்குத்தான் பட்டாளமே இருக்கே. நல்லவேள, கேட்டு உன்ன சங்கடப்படுத்தல."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "ஆமா, ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்துருவாங்க," என்றாள் பாவி.

ஞாயிற்றுக்கிழமை அறையைப் பெருக்கியபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பொட்டலங்கள் வந்தன. இவை சுருட்டையின் கையில் கிடைத்திருந்தால் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாள். இன்று அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு கூடியிருக்கும். விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. அம்மாதான்.

"என்னடி, சத்தமே இல்ல? கூட யாரும்மா இருக்கா?"

"யாருமில்லம்மா," என்றாள். "ஒருத்தரும் இல்ல."