குழலில் நாலு, உடம்பில் மூன்று

துப்பாக்கியின் மேல் பொறித்திருக்கும் பெயரை நான் நம்புவதில்லை. அதைக் கொண்டுவருகிறவர்களை அந்த அளவுக்குக்கூட நம்புவதில்லை. 'முப்பாட்டனுக்கு ராஜா கொடுத்தது' என்பார்கள். திருப்பிப் பார்த்தால் ராஜா செத்து இருபது வருஷம் கழித்துச் செய்ததாக இருக்கும். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளை யார் செய்தார்கள், எந்த ஊரில் செய்தார்கள் என்று பார்த்துச் சான்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வெளியே மழை என்று பெண்டாட்டி சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன்.

அன்று வந்தவள் ஒரு நர்ஸ். டியூட்டி உடையைக்கூட மாற்றவில்லை. துணியில் சுற்றிய துப்பாக்கியையும் உரிமத்தையும் என் மேஜைமேல் வைத்தாள். டைப் அடித்த புகார் மனு ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்பா ஒரு ஜோடி வெச்சிருந்தார் சார். மூணுல முடியுற நம்பர் அண்ணனுக்கு, நாலுல முடியுறது எனக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போனார். போன வாரம் உரிமம் புதுப்பிக்கப் போனேன். புதுசா வந்த அதிகாரி கழட்டிப் பார்த்துட்டு, குழல்ல நாலு இருக்கு, உடம்புல மூணு இருக்குங்கிறார். அண்ணன் மாத்திட்டான்."

"எதுக்கு மாத்தணும்?"

"நல்லதாப் பொறுக்கி எடுத்துக்கத்தான். சின்ன வயசுலேருந்தே அவன் அப்படி. வீட்டுக்கு வந்துட்டுப் போனான்னா நான் ஸ்பூனை எண்ணி வெப்பேன்."

அண்ணன் ஒரு பாங்கில் துப்பாக்கி ஏந்திய காவலாளியாம். ஆயுத விஷயத்தில் புகார் என்று போனால் அவன் உரிமம் போகும், உரிமத்தோடு வேலையும் போகும். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. மனுவோடு இணைக்க என் சான்று ஒன்றுதான் பாக்கி. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கூடப் பிறந்தவனையே நம்பாதவள், நம் கட்சி.

குழலைக் கழற்றித் திருப்பினேன். மேலே லண்டன் கடை ஒன்றின் பெயர். அடியில் ஒரு கிரீடம், அதன்கீழ் குறுக்கே இரண்டு செங்கோல்கள்: பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச்சாலை முத்திரை. முட்டை வளையத்துக்குள் மூன்று எழுத்து இருந்திருந்தால் பெல்ஜியம் என்றிருப்பேன். பக்கத்திலேயே செய்தவருடைய இரண்டெழுத்து. ஆக, விற்றது லண்டன், செய்தது பர்மிங்காம் பட்டறை. எண்களும் அவள் சொன்னபடியே இருந்தன.

"உங்க அண்ணன் வேலையாத்தான் இருக்கும்," என்றேன். அவசரக் குடுக்கை நான்.

சந்தேகப் பிராணிக்கு அதோடு விட மனம் வருமா? இந்த மாதிரித் துப்பாக்கிகளைக் கையால் அரம்போட்டு ராவிப் பொருத்துவார்கள். ஜோடியானாலும் ஒன்றின் குழல் மற்றதன் உடம்பில் சரியாக உட்காராது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, குழலின் அடிப்பக்கத்தில் புகைக்கரி பிடிக்க வைத்து, உடம்போடு சேர்த்து மூடித் திறந்தேன். திருட்டுத்தனமாக மாற்றியதென்றால் கரி ஓரிரு இடத்தில்தான் அழிந்திருக்கும். இங்கே எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிந்திருந்தது. தொழில் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து ராவிப் பொருத்தியிருக்கிறான்.

யார் அந்தப் புண்ணியவான் என்று பூதக்கண்ணாடியை எடுத்து, குழலை உடம்போடு மாட்டும் கொக்கியின் உள்வளைவைப் பார்த்தேன். ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. கீழே வருஷம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தையது.

அந்தக் கோடும் புள்ளியும் என்னுடையவை.

அப்போது நான் ஒரு பட்டறையில் அரம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் கண்ட துப்பாக்கிகள் இறுக்கிக் கொடுக்க வரும். இந்த ஜோடியை ஒரே மேஜையில் கழற்றிப் போட்டிருக்கிறேன். திரும்பச் சேர்க்கும்போது பொருந்தியிருக்காது. பொருந்தவில்லை என்றதும் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். நான் அரத்தை எடுத்திருக்கிறேன். பொருந்தும்வரை ராவிவிட்டு, கெட்டிக்காரன் என்று கையடையாளமும் போட்டிருக்கிறேன்.

'மாற்றியவர் யாரெனத் தெரியவில்லை' என்று எழுதினால் என் பெயர் தப்பிக்கும். பேனாவைத் திறந்தும்விட்டேன். பாங்க் வாசலில் நிற்கும் முகம் தெரியாத ஒருவனை நினைத்துப் பேனாவை மூடி வைத்தேன். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கரியைக் காட்டினேன், அடையாளத்தைக் காட்டினேன், அதே அடையாளம் போட்ட என் பழைய அரத்தைக்கூடத் தேடி எடுத்துக் காட்டினேன்.

அவள் அரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணன் எப்ப சார் இங்க வந்துட்டுப் போனான்?"

"நான் அவரைப் பார்த்ததே இல்லம்மா."

"கொஞ்ச நேரம் முன்னாடி அண்ணன் வேலைன்னீங்க. இப்ப உங்க வேலைங்கிறீங்க. தன் தப்பை எவனாவது தானா ஒத்துக்குவானா சார்?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன்.

அவள் மேஜையிலிருந்த என் பேனாவை எடுத்தாள். மனுவைப் பிரித்து, அண்ணன் பெயருக்குக் கீழே இருந்த இடத்தில் முனையை வைத்தாள்.

"உங்க முழுப்பேரு என்ன சார்?"