தாஹிர் தள்ளிவிட்ட கதை

ஸுஹைர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பள்ளிக்கூட வாசல் நடையில் மாட்டியிருந்த பெரிய திரையில் தாஹிர், ஷெத்லியைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகத் தள்ளுகிறான், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை.

"பார்த்துட்டே நிக்காத, கழட்டு," என்றார் தலைமையாசிரியை நஜ்வா. "இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிள்ளைங்க படத்தைப் பழையபடி சுவத்துல ஒட்டிக்கலாம்."

"சுவத்துல ஒட்டினா பரீட்சைக்கு முன்னாடி சுரண்டணும் மதாம்."

"சுரண்டு."

ஸுஹைர் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். மஹ்தியா கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று வருஷம் இரவுக்காவல் பார்த்துவிட்டு, இங்கே கணினி அறைக்கு வந்து சேர்ந்தவன். பிள்ளைகள் மேல் அவனுக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஆனால் வருஷா வருஷம் அவர்கள் படங்களைப் பிளேடால் சுரண்டிக் குப்பையில் போடுவது அவன் வேலையாக இருந்தது. அது பிடிக்காமல்தான் ஒரு வருஷம் நச்சரித்து இந்தத் திரையை வாங்க வைத்தான். மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

வினை ரிஹாம் என்ற மாணவி வரைந்த படத்தில் வந்தது. போன குளிர்காலத்தில் அவள் அப்பா ஷெத்லியின் மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. பதினோரு வருஷமாக அவனோடு வலை இழுக்கும் தாஹிர், உதவிக்கு வந்த படகில் முதலில் ஏறி, குனிந்து ஷெத்லியை வாரித் தூக்கினான். ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் திங்கட்கிழமை மதிப்பெண் அட்டை வாங்க வந்த பெற்றோர் திரையில் பார்த்தது வேறு. முதலில் எல்லோரும் சேர்ந்து மீன் குஸ்குஸ் சாப்பிடுகிறார்கள். அப்புறம் படகு விளிம்பில் ஷெத்லி தொங்க, தாஹிரின் கை அவன் மேல். அப்புறம் ஷெத்லி தண்ணீரில். கடைசியில் கவிழ்ந்த படகு மட்டும்.

மீன் சந்தையில் பேச்சு பற்றிக்கொண்டது. குழந்தை பொய்யா சொல்லும் என்றார்கள். தாஹிர் படகில் ஏற மாட்டேன் என்றுவிட்டான். அவன் இல்லாமல் மற்றவர்களும் வரவில்லை. நிலா இல்லாத வாரம், விளக்கு வெளிச்சத்துக்கு மத்தி கூட்டம் கூட்டமாக வரும் வாரம். படகு துறையில் கட்டிக் கிடந்தது.

ஸுஹைர் முதல் திருகாணியைக் கழற்றும்போது வாசலில் சத்தம் கேட்டது. ஷெத்லி ஒரு கையில் மகளையும் மறு கையில் தாஹிரின் சட்டையையும் பிடித்து இழுத்து வந்தான்.

"விடுடா. கொலைகாரன்கூட உனக்கு என்ன பேச்சு?" என்றான் தாஹிர்.

"வாயை மூடிட்டு வா. படம் போட்டவ இவதானே? இவகிட்டயே கேளு."

"இவ சின்னப்புள்ள, இவளுக்கு என்ன தெரியும்? வீட்டுல நீ பேசாததையா இவ வரைஞ்சா? முதுகுக்குப் பின்னால என்ன சொன்ன, அதைச் சொல்லு."

"உன்னைப் பத்தி நான் வீட்டுல பேசினா என் பொண்டாட்டி எழுந்து போயிடுவா. அவ்வளவு அலுத்துப்போச்சு அவளுக்கு. தாஹிர் தூக்கினான், தாஹிர் தூக்கினான்னு."

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்த ரிஹாம் இதில் எதையும் கேட்காமல் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படம் வந்து, நாலும் ஓடி முடிந்தது.

"முசே," என்று ஏணிமேல் இருந்தவனைக் கூப்பிட்டாள். "ஏன் கடைசிலேருந்து ஓடுது?"

ஸுஹைர் திருகாணியை விட்டுவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தான்.

அவள் ஒரே நீளத் தாளில் வரைந்து நாலாக மடித்துக் கொடுத்திருந்தாள். அரபி எழுதுகிற கை, வலக்கோடியில் தொடங்கி இடக்கோடியில் முடித்திருந்தது. ஸ்கேனரில் முழுத்தாளும் கொள்ளாததால் அவன் மடிப்பு மடிப்பாக வைத்து எடுத்து, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டான். கணக்கும் கணினியும் அவனுக்குப் பிரெஞ்சில் வந்தவை. மளிகைப் பட்டியலை வலமிருந்து எழுதுகிறவன்தான், ஆனால் கணினி முன் உட்கார்ந்தால் கை தானாக இடப்பக்கம் போய்விடும்.

சொல்லாமலே மாற்றியிருக்கலாம். கீழே இறங்கி, "தப்பு என்னுது," என்றான். "கதையை நான்தான் பின்னாலேருந்து ஓட்டினேன். இருங்க."

எண்களை மாற்ற இரண்டு நிமிஷம் ஆனது. கவிழ்ந்த படகு. தண்ணீரில் ஷெத்லி. தாஹிரின் இரண்டு கைகளும் அவனை மேலே இழுக்கின்றன. அப்புறம் குஸ்குஸ், நடுவில் பெரிய மீன், தாஹிருக்கு மட்டும் இரண்டு கரண்டி.

தாஹிர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என் மூக்கு இவ்வளவு பெருசா?"

"இன்னும் பெருசு," என்றாள் ரிஹாம். "தாள்ல இடம் இல்ல."

ஷெத்லி சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டான். தாஹிர் அவன் பிடரியில் ஒன்று போட்டான். "மூணு நாள் மத்தி போச்சு, சிரிக்கிற. விளக்குக்கு எண்ணெய் ஊத்தினியா?"

"நீ வராம எதுக்கு ஊத்தணும்?"

இருவரும் திட்டிக்கொண்டே துறைமுகம் பக்கம் நடந்தார்கள்.

நஜ்வா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

ஸுஹைர் கோப்புகளைத் திறந்து பார்த்தான். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் கோழிக்குஞ்சு முட்டைக்குள் திரும்பப் போய்க்கொண்டிருந்தது.

"அதுக்குப் புதுமைன்னு பரிசு குடுத்துட்டோமே," என்றார் நஜ்வா.

"மாத்தவா?"

"பரிசைத் திருப்பி வாங்க முடியாது. அப்படியே விடு. ஏணியை உள்ள வை."

ஸுஹைர் திருகாணியை மறுபடி முடுக்கினான். ஏணியை உள்ளே வைக்கவில்லை. அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். நாலாவது சுற்றிலும் ஷெத்லி பிழைத்துக்கொண்டான். அப்புறம்தான் எழுந்தான்.