சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஒரு கால்

...கோட்டை மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க என்று எத்தனை தடவைதான் சொல்வது, தொண்டை வறண்டுவிட்டது, இந்தக் குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டப்போகும் அடுக்குமாடியில் ஒரு வீட்டை முழு அளவில், சுண்ணாம்புத் தூளால் தரையில் வரைந்து வைத்திருக்கிறேன், குடிவரப் போகிறவர்கள் நடந்து பார்த்துச் சொல்லட்டும் என்று, என் யோசனைதான், வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்... ஆளாளுக்குச் சுவர் வழியாகவே நடந்து போகிறார்கள், சிரிப்பு வேறு. துணி தேய்க்கும் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து குளியலறைக்குள் போட்டாள், பக்கத்தில் நின்று பார்த்தாள், ஒரு கால் உள்ளே, ஒரு கால் சுவருக்கு வெளியே. "என் பொண்ணு நடக்க முடியாதவ சார், இருபத்திரண்டு வயசு. இப்ப விடியறதுக்கு முன்னால சந்துல உட்கார வச்சு தண்ணி ஊத்துவேன், எதிர்வீட்டுக்காரி போர்வையப் பிடிச்சுக்குவா. மாடிக்குப் போனா சந்து ஏது?"

சந்து ஏது... குளியலறை நாலடிக்கு மூன்றடி, விதிப்படி சரியான அளவு, ஓரடி கூட்டினால் மாடிக்கு ஒரு வீடு குறையும், ஆறு மாடி, ஆறு குடும்பம் தெருவில் நிற்கும், கீழ்த்தளத்தில் இரண்டு வீட்டையாவது பெரிதாகப் போடலாமென்றால் அங்கே கடைகள் என்று முடிவாகிவிட்டது, சாயங்காலம் பிளான் ஒப்புதலுக்குப் போயாக வேண்டும், அதன் அட்டையில் கொட்டை எழுத்தில் 'எல்லோருக்குமான வீடு', பெயர் வைத்த புண்ணியவானும் நானே. பொறியாளர் காதோரம் வந்து, "குளிக்கத்தானே சார், உள்ளே குடித்தனமா நடத்தப் போறாங்க?" என்றார், எனக்கும் சிரிப்பு வந்தது, வந்துதொலைத்ததே என்று கூசியது. "போதும்மா, ரெண்டு பேர் தாராளமா நிக்கலாம்," என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "நீங்க யாரையாவது குளிப்பாட்டியிருக்கீங்களா சார்?" குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டு மூன்று வருடம், தினமும் ஏழு மணிக்கு மனைவி அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போவாள், கதவு சாத்தும் சத்தம், தண்ணீர்ச் சத்தம், மெதுவா மாமா, மெதுவா, நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன், தோள்வரை நனைந்து வெளியே வருபவளிடம் டீ ஆச்சா என்று கேட்டிருக்கிறேன், எத்தனை நாள்... அந்தக் குளியலறையையும் நான்தான் வரைந்தேன், ஒவ்வொரு அங்குலமும் மனப்பாடம், கதவைச் சாத்திய பிறகு அதற்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியாது.