பத்து நாள் காய்

பத்து நாளாகத் தங்கமணி தன் புருஷன் காசிநாதனுக்குச் சோறே போடவில்லை. சண்டையா என்றால் அதெல்லாம் ஒன்றுமில்லை. மனுஷனுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணிலும் புரை முற்றி, எதிரே நிற்பது யாரென்றே தெரிவதில்லை. சர்க்கரை இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் ஆபரேஷன், சோற்றைக் குறைத்துக் காய் நிறையச் சாப்பிடுங்கள் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார்.

தங்கமணியா குறைப்பாள்? அடியோடு நிறுத்திவிட்டாள்! கச்சிராயபாளையத்துச் சொந்தக் கொல்லையில் மரவள்ளியைப் பிடுங்கி, காலையில் அவித்தது, மத்தியானம் பொரியல், ராத்திரி குழம்பு. சோற்று வாசனை அவருக்கு எட்டக்கூடாதென்று தன் சோற்றைக் கூடத் தோட்டத்துப் பக்கம் போய்த் தின்றாள்.

இன்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று இருபத்தெட்டு.

"இன்னாம்மா குடுத்த?" என்றாள் நர்ஸ் ரம்யா.

"ஒரு பருக்க சோறு கண்ணுல காட்டலம்மா. எல்லாம் காய்தான். மரவள்ளிதான் ஜாஸ்தி."

ரம்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அதுவும் சோறும் ஒண்ணுதாம்மா! உருளையும் அப்பிடித்தான்."

"அப்ப மண்ணுக்குள்ள வெளையறது எதுவும் ஆவாதா?"

"முள்ளங்கி குடுக்கலாம்."

"அதுவும் மண்ணுக்குள்ளதானம்மா வெளையுது?"

"அதுல மாவு கம்மி. வாழக்கா வேணாம்."

"அது மேலதான காய்க்குது!"

அடக் கடவுளே, இது என்ன கூத்து! தங்கமணிக்குத் தலை சுற்றியது. ஆபரேஷன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. பஸ்ஸில் காசிநாதன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். திட்டித் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து புடலை, பூசணி, கேரட், கீரை எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றாக எடுப்பதும் வைப்பதுமாகவே ஒரு மணி நேரம் போனது. முப்பது வருஷமாகச் சமைத்த கைக்கு ஒரு காயை நறுக்கத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் புடலங்காயைப் பொரித்து வைத்தாள். தாளிக்கும்போது போட்ட கடலைப்பருப்பை, அதிலும் மாவு இருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள்.

காசிநாதன் தட்டைக் கையால் தடவினார். "இன்னா காய்?"

"பொடலங்கா. இதக் குடுக்கலாமா கூடாதான்னு நெஜமாவே எனக்குத் தெரியலங்க." அவள் அழுதேவிட்டாள்.

"நீதான போட்ட?"

"ஆமா."

"அப்பறம் இன்னா?" என்று கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் மென்று விழுங்கும்வரை தங்கமணி மூச்சே விடவில்லை.