நாற்பது பேர் உட்காரும் மேஜை

மிலிசாவ் தெஷிச் எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவருக்கு வீடு வரைந்து கொடுக்க வந்த ஒல்கிட்சாவுக்கு அவர்மேல் முதல் சந்தேகம் அதனால்தான் வந்தது.

சமையலறை வடக்குப் பக்கம் வரட்டுமா என்று கேட்டாள். வரட்டும் என்றார். கூரையைத் தட்டையாகப் போடலாமா? போடலாம். மாடிக்குப் படிக்கட்டுக்குப் பதில் கயிறு தொங்கவிடுகிறேன் என்றிருந்தாலும், "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று தலையாட்டியிருப்பார். நிஜமாகவே வீடு கட்டப்போகிறவன் அப்படி இருக்கமாட்டான், கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்கே முதல் நாள் சண்டைக்கு நிற்பான். எல்லாவற்றுக்கும் சரி என்கிறவன் ஒன்று வரைபடத்தை வாங்கிக்கொண்டு மச்சானை வைத்துக் கட்டுவான், அல்லது கட்டி முடித்த பிறகு தன் கைவரிசையைக் காட்டுவான்.

கைவரிசை என்றால் என்னவென்று ஒல்கிட்சாவுக்கு நன்றாகத் தெரியும். போன தடவை இப்படித் தலையாட்டிய ஒரு பல் டாக்டர், அவள் வரைந்த எளிய வெள்ளை வீட்டின் முன்னால் நான்கு தூண்களை நட்டு, வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்களை உட்காரவைத்தார். வீட்டு முகப்பில் வடிவமைத்தவர் என்று அவள் பெயர் பித்தளையில் மின்னியது. அன்றிலிருந்து வால்யெவோ நகரத்தில் அவள் 'சிங்கத்து ஒல்கிட்சா'. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கல்லறை மாடம் வரையக்கூட அந்த ஊரில் யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை.

ஆகவே இப்போது அவளிடம் ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளரை எடை போடும் முறை. அதைப் பற்றிக் கட்டடக் கலைஞர் சங்கத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றியிருக்கிறாள். வந்தவர்களில் பாதிப் பேர் அரங்கில் கணப்பு எரிகிறது என்பதற்காக வந்தவர்கள் என்பது வேறு விஷயம். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேள்வி கேட்க வேண்டும். இப்போது குடியிருக்கும் வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சொல்வதை நம்பக்கூடாது, செய்வதைப் பார்க்க வேண்டும்.

மிலிசாவ் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பாட்டுக் கூடம் மட்டும் பெரிசா வேணும் மேடம். நாப்பது பேர் ஒரே மேஜையில உக்காரணும். எங்க ஸ்லாவா அன்னிக்கு வீட்டுல கால் வைக்க இடம் இருக்காது."

குடும்பத்தின் காவல் புனிதருக்கு விழா எடுக்கும் நாள் அது. தெஷிச் குடும்பத்துக்கு அதிதூதர் மிக்கேல்.

"யார் யார் அந்த நாப்பது பேர்?" என்றாள் ஒல்கிட்சா.

அவர் தயங்காமல் அடுக்கினார். தாய்மாமன்கள், ஞானத்தகப்பன், அத்தை மக்கள், பழத் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள், அவர்கள் மனைவிமார். பக்கத்தில் அவர் மனைவி ஸோர்கா கைப்பையை மடியில் வைத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத பெண் என்று ஒல்கிட்சா அந்த நிமிஷமே முடிவு கட்டினாள். தனியே கேட்க வேண்டும் என்கிற விதியை அவளுக்காக மெனக்கெட்டுக் கடைப்பிடிக்கவில்லை.

"உங்க வீட்டைப் பாக்க ஒருநாள் வரேனே?"

"அது கலைஞ்சு கிடக்கு மேடம்." அப்புறம் மிகச் சாதாரணமாக, "வர்ற இருபத்தொண்ணாந்தேதி எங்க ஸ்லாவா," என்றார். வாசல்வரை போனவர், திரும்பி நின்று அதையே இன்னொரு தடவை சொன்னார்.

அலுவலகத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்த இஞ்சினியர் ஒக்னியெனுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அவனுக்கு எல்லாமே உடனே விளங்கும்.

"கல்யாண மண்டபம்! வீடுன்னு அனுமதி வாங்கி மண்டபம் நடத்தப் போறான். நாளைக்கு விடிய விடிய எக்காளம் ஊதுவான், பக்கத்து வீட்டுக்காரன் உம்மேல கேஸ் போடுவான்."

"வீட்டைக் காட்ட மாட்டேங்கறான்யா. அதான் இடிக்குது."

"ஸ்லாவா அன்னிக்குப் போயிடு. அன்னிக்கு யாரையும் வாசல்ல நிறுத்த முடியாது."

"கூப்பிடலையே."

"ஸ்லாவாவுக்கு யாருடி கூப்பிடுவா? எங்க தாத்தா காலத்துலேயே கூப்பிட்டதில்ல. நீ பார்ட்டி பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா? போ, ஒரு பாட்டில் ஒயினைத் தூக்கிட்டுப் போ."

இருபத்தொன்றாம் தேதி மதியம் போனாள். தெருவின் இருபுறமும் கார்கள். 'தெஷிச்' என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். நடையில் செருப்பும் பூட்ஸும் மலைபோல் கிடந்தன. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பெருத்த மனிதர் தட்டை நீட்டினார். வேகவைத்த கோதுமை, வால்நட், மேலே தூள் சர்க்கரை. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மேஜைகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். நாற்பது பேருக்கு ஒருவர்கூடக் குறையமாட்டார்கள். பன்றி வறுவலும் முட்டைக்கோஸ் சுருளும் கைமாறிக்கொண்டிருந்தன. ஒல்கிட்சாவுக்கு வெட்கமாகிவிட்டது. மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மண்டபமாம், எக்காளமாம்.

"மிலிசாவ் எங்க?" என்றாள்.

கரண்டிச் சத்தம் அப்படியே நின்றது.

"நான் திஹோமிர்," என்றார் தட்டு வைத்திருந்தவர். "மிலிசாவ் என் தம்பி. அவன் வீடு பக்கத்து வீடு."

"இங்கேர்ந்து அங்க யாரும் போறதில்லம்மா," என்று மேஜைக் கோடியிலிருந்து ஓர் அத்தை குரல் கொடுத்தாள். "அவந்தான் சொன்னான், அண்ணன் வீட்டுல முதல்ல காலை வைக்கறவங்க என் வாசப்படி மிதிக்க வேணாம்னு. சரிப்பான்னு நாங்களும் மிதிக்கல."

"அவங்க அப்பா இருந்த வீடு இது. முதல்ல இங்கதானே வருவோம்?" என்றார் ஒரு கிழவர்.

"அவன் ஒரு வார்த்தை கூப்பிட்டான்னா நான் இப்பவே எழுந்து போவேன். நான் அவனுக்கு ஞானத்தகப்பன்," என்றார் இன்னொருவர்.

"ஸ்லாவாவுக்கு எவனாவது கூப்பிடுவானா? மானம் போயிடாது?" என்றாள் அத்தை.

"அதுவும் சரிதான்," என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு கோஸ் சுருளுக்குத் திரும்பினார்கள்.

ஒல்கிட்சா தெருவுக்கு வந்தாள். மிலிசாவ் சொன்ன நாற்பது பேரில் பொய் இல்லை. முகவரிதான் தப்பு.

பக்கத்து வீட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மிலிசாவ் கறுப்புக் கோட்டில், யாரோ புகைப்படம் எடுக்கப்போவதுபோல நின்றார். மேஜையில் பத்துப் பேருக்குத் தட்டு வைத்திருந்தது. ஸோர்கா கோதுமைத் தட்டோடு முன்னால் வந்தாள்.

"வந்துட்டீங்க!" என்றார் மிலிசாவ். "எனக்குத் தெரியும். ஏற்கனவே ரெண்டு ஆர்க்கிடெக்ட்கிட்ட போயிருந்தேன் மேடம். அவங்ககிட்டயும் தேதியைச் சொன்னேன். ஒருத்தரும் வரல. கூப்பிடாம வர்றவங்களுக்குத்தான் வீடுன்னா என்னன்னு தெரியும்."

ஒல்கிட்சாவுக்குக் கன்னம் சூடேறியது. சங்கத்தில் சொற்பொழிவாற்றி வாடிக்கையாளரை எடை போடுகிறவளை, பழத் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் ஒரு மாதமாக எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது அவர் பார்வை அவள் கோட்டின் மார்பில் நின்றது. கறுப்புக் கம்பளியில் சர்க்கரைத் தூள் உதிர்ந்திருந்தது.

"முதல்ல எங்க போனீங்க?"

"வீடு தப்பிப் போயிட்டேன்."

"எல்லாரும் தப்பித்தான் போறாங்க," என்றார். முகம் சாம்பலானது. "என் வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு மேடம்."

"தெரியும். அங்க சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவாங்களாம்."

"கூப்பிடறதா! நான் எதுக்குக் கூப்பிடணும்? அந்தக் கூடத்தை மட்டும் கட்டி முடிங்க, தெருவுல வர்றவன் போறவன் எல்லாம் ஜன்னல்ல மூக்கை வெச்சுப் பாப்பான். தானா வருவாங்க."

ஒல்கிட்சாவுக்கு எல்லாம் கண்ணில் தெரிந்தது. வீடு வரப்போகும் குன்றின்மேல் நீண்ட கூடம், நாற்பது நாற்காலி, வெளிச்சம் போட்ட ஜன்னல்கள், உள்ளே கறுப்புக் கோட்டில் ஒற்றை மனிதர். முகப்பில் பித்தளையில் அவள் பெயர்.

"அந்தக் கூடத்தை நான் வரைய மாட்டேன்," என்றாள்.

"அப்போ வேற ஆள் பாத்துக்கறேன். இந்த ஊர்ல ஆர்க்கிடெக்டுக்கா பஞ்சம்?"

"பாரு," என்றாள் ஸோர்கா. அவள் குரலை ஒல்கிட்சா அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். தடித்த, அவசரமில்லாத குரல். "அந்த வேற ஆளை வெச்சு உன் நிலத்துல கட்டிக்கோ. குன்று மேல இருக்கற நிலம் எங்கப்பா என் பேருக்கு எழுதி வெச்சது. அதுல இவங்கதான் கட்டப்போறாங்க. நாப்பது காலி நாற்காலியைத் தூசு தட்ட என் இடுப்புல பலமில்ல."

"ஸோர்கா!"

"மேடம், உள்ள வாங்க. ஆபீஸ்ல நீங்க என்னைக் கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். ஒல்கிட்சா பின்னால் போனாள். சமையலறையில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு மேஜை. எண்ணெய்த் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. இவர்கள் நிஜமாகக் குடியிருந்தது அங்கேதான். ஸோர்கா மூச்சு விடாமல் சொன்னாள். அடுப்புப் பக்கம் நின்றால் சாலை தெரிய வேண்டும். வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் வந்தால் படுக்கத் தனி அறை, ஆனால் ரொம்பத் தள்ளி வேண்டாம். கழிவறைக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. தட்டைக்கூரையா? யார் சொன்னது? ஓடு போடுங்கள்.

ஒல்கிட்சா சண்டைக்கு நின்றாள். கூரைக்காக அரை மணி நேரம் போனது. தோற்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளரோடு பேசுகிறோம் என்று தோன்றியது.

"சாப்பாட்டு மேஜை?"

"ஆறு பேருக்கு," என்றாள் ஸோர்கா.

"பன்னெண்டு."

மிலிசாவ் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழற்றியிருந்தார்.

"யார் யாரு பன்னெண்டு?" என்றாள் மனைவி.

"நீ, நான், பொண்ணு, மாப்பிள்ளை, ரெண்டு பேரப்பிள்ளைங்க." விரலை மடக்கி நிறுத்தினார். வேலிக்கு அப்பால் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். சுருதி சேரவில்லை.

"ஆறுதான் ஆச்சு," என்றாள் ஸோர்கா.

"மிச்சத்தை அப்புறம் சொல்றேன்."

"கூப்பிடப் போறியா?"

"அப்புறம் சொல்றேன்னு சொல்றேன்ல?"

ஒல்கிட்சா அவரைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அழிப்பதற்கு வசதியாக மிக லேசாக, பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டாள்.